மழைக்கு முன் ஒரு கடிதம்: ஆம்பூர்த் தோல் தளம் முகவரி கேட்கக் கற்றுக்கொண்ட விதம்

பெரியப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆம்பூரில் ஒரு டேனரியின் (தோல் பதனிடும் ஆலையின்) ஃபினிஷிங் பிரிவில் வேலை பார்த்தவர். சாயமும் மெழுகும் ஏறி ஏறி அவருடைய கட்டைவிரல் பதனிட்ட தோலைப் போலவே தடித்துப்போயிருக்கும். அக்கினி நட்சத்திரம் கொளுத்திய ஒரு மே மாத மாலை, திண்ணையில் உட்கார்ந்திருந்தவரிடம் என் கைப்பேசியைக் கொடுத்தேன். ஷூவில் பூத்த பூஞ்சையை எடுப்பது எப்படி என்று அவர் சொன்னதை வைத்து எங்கள் இணையதளத்தில் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். பிழை இருந்தால் சொல்லட்டும் என்பதற்காகத்தான் கொடுத்தேன்.

இரண்டு வரி படித்திருப்பார். திரை இருண்டது. நடுவில் ஒரு பெட்டி எழும்பி மின்னஞ்சல் முகவரி கேட்டது. மூலையில் இருந்த பெருக்கல் குறியை அவர் அழுத்தினார். அந்த விரலுக்கு அந்தக் குறி போதவில்லை. பக்கத்தில் பட்டு விசைப்பலகை திறந்துகொண்டது. மறுபடி அழுத்தப் போனவர் கீழே இருந்த பொத்தானைப் பார்த்து, அதில் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தார்: ‘வேண்டாம், என் ஷூ கெட்டுப்போனால் எனக்குக் கவலையில்லை.’

“நான் எப்போதப்பா அப்படிச் சொன்னேன்?” என்று கேட்டுவிட்டுக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு கட்டுரையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அந்தப் பொத்தானின் வாசகத்தை எழுதியவன் நான். தோலைக் காப்பதையே வாழ்நாள் வேலையாகச் செய்த மனிதரை, தோலைப் பற்றிக் கவலையில்லை என்று சொல்லவைக்கப் பார்த்தது என் தளம். அந்த மாலைக்குப் பிறகு நாங்கள் எதை எடுத்தோம், எதை வைத்தோம், எங்கே சறுக்கினோம் என்பதை இங்கே எழுதுகிறேன். அஃபிலியேட் மார்க்கெட்டிங், அதாவது பொருள்களைப் பரிந்துரைத்துக் கமிஷன் வாங்கும் தொழில், செய்கிற தமிழர் யாருக்காவது இது உதவினால் மகிழ்ச்சி.

எங்கள் தளமும் அதன் வருமானமும்

நானும் தங்கையும் சேர்ந்து நடத்துகிறோம். எழுத்து என்னுடையது, தொழில்நுட்பம் அவளுடையது, அவள் இருப்பது வேலூரில். காலையில் ஷூ கம்பெனி வேன்கள் பெண்களை ஏற்றிக்கொண்டு ஓடுகிற ஊர் எங்களுடையது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பழைய வட ஆற்காடு முழுக்கத் தோலும் காலணியும்தான் பிழைப்பு. நல்ல தோலை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிப் பராமரிப்பது என்பது இங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த விஷயம். வெளியூர்க்காரர்களுக்கு அது தெரியாது. அதைத்தான் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுகிறோம்.

கட்டுரையில் பிரஷ், மெழுகு, கண்டிஷனர், ஷூ என்று நாங்கள் பரிந்துரைக்கும் பொருள்களுக்கு இணைப்பு இருக்கும். அதன் வழியே போய் வாங்கினால் கடைக்காரர் தன் வருவாயிலிருந்து எங்களுக்கு ஒரு சிறு கமிஷன் தருவார். வாங்குபவருக்கு அதனால் விலை கூடாது. 1996 முதல் இந்த முறையை நடத்திவரும் அமேசானில், இணைப்பைச் சொடுக்கியதிலிருந்து பொதுவாக 24 மணி நேரம்தான் கணக்கு. நாளை மறுநாள் யோசித்து வாங்கினால் அது நம் கணக்கில் வராது.

ஷூவோ வாரம் ஒன்று வாங்கும் பொருள் இல்லை. தேடுபொறி ஒருவரை அனுப்புகிறது, அவர் படிக்கிறார், போய்விடுகிறார். தேடுபொறி தன் வரிசையை மாற்றினால் அவரும் வரமாட்டார். அதனால்தான் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் மின்னஞ்சல் முகவரிக்கு ஆலாய்ப் பறக்கிறார்கள். இடையில் யாரும் இல்லாமல் வாசகரிடம் நேராகப் பேச அது ஒன்றே வழி. இதில் தவறு எதுவும் இல்லை. அது நமக்கு வேண்டியதாக இருப்பதாலேயே வாசகருக்கும் வேண்டியதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டதுதான் தவறு.

வெளிநாட்டு வழிகாட்டிகள் சொன்னதையெல்லாம் செய்தோம். பக்கம் திறந்த ஐந்தாவது விநாடியில் ஒரு பெட்டி. பாதி படித்ததும் இன்னொன்று. வெளியேறப் போனால் மூன்றாவது. இந்திய அளவுக்கும் ஐரோப்பிய அளவுக்குமான ஒப்பீட்டு அட்டவணையைப் பூட்டி வைத்து, முகவரி கொடுத்தால்தான் திறக்கும் என்றோம். ‘சலுகைக் கடிதங்கள் அனுப்பலாம்’ என்ற கட்டத்தில் நாங்களே டிக் அடித்து வைத்திருந்தோம்.

முகவரிகள் குவிந்தன. ஒருநாள் தங்கை பட்டியலைத் திறந்து வரிசையாகப் படித்தாள். விசைப்பலகையில் கை போன போக்கில் தட்டிய எழுத்துகள். ‘வேண்டாம்’ என்ற சொல்லையே முகவரியாக எழுதியவர்கள். ஒரே ஆள் மூன்று பெயரில். அட்டவணையைத் திறக்கக் கள்ளச்சாவி போட்டிருக்கிறார்கள். எட்டாம் நம்பர் ஷூ ஐரோப்பிய அளவில் 42 என்று தெரிந்துகொள்ள வந்தவரிடம் முகவரியைக் கேட்டால் அவர் வேறென்ன செய்வார்? அப்படிப்பட்ட முகவரிகளுக்கு அனுப்பிய கடிதங்கள் திரும்பி வந்தன. திரும்பி வரும் ஒவ்வொரு கடிதமும், உண்மையான வாசகருக்குப் போகும் கடிதத்தையும் ஸ்பேம் பெட்டியின் பக்கம் கொஞ்சம் தள்ளிவிடுகிறது.

சட்டமும் இதைப் பற்றிப் பேசியிருக்கிறது என்பது பிறகுதான் எங்கள் கண்ணில் பட்டது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று, இணையத்தில் நுகர்வோரை ஏமாற்றும் வடிவமைப்பு முறைகள் பதின்மூன்றைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. ‘வேண்டாம்’ என்பவரைக் கூசவைக்கும் வாசகம் அதில் ஒன்று. திரும்பத் திரும்ப நச்சரிப்பது இன்னொன்று. விளம்பரத்தை விளம்பரம் என்று சொல்லாமல் மறைப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பெரியப்பா திண்ணையில் கேட்ட கேள்வியும் அரசிதழில் வந்த விதியும் சொன்னது ஒன்றைத்தான். கூகுளும் 2017 ஜனவரி 10 முதலே, கைப்பேசியில் உள்ளடக்கத்தை மறைத்து எழும் பெட்டிகள் உள்ள பக்கங்களைத் தேடல் வரிசையில் பின்னுக்குத் தள்ளலாம் என்று அறிவித்திருந்தது. தேடுபொறியை நம்பியிருக்க வேண்டாம் என்று வைத்த பெட்டியால் தேடுபொறியிடமே கெட்ட பெயர் வாங்க இருந்தோம்.

யாரிடம் கேட்பது

பெட்டிகள் மூன்றையும் ஒரே இரவில் எடுத்துவிட்டோம். அட்டவணையின் பூட்டையும் திறந்துவிட்டோம். அடுத்த சில வாரங்களுக்குப் பட்டியலில் ஏறக்குறைய யாருமே சேரவில்லை. எனக்குக் கையைப் பிசைகிற நிலைமை. தங்கை அப்போது கேட்ட கேள்விதான் வழியைக் காட்டியது: “அண்ணா, நம்மிடம் வருகிறவர்களில் யாருக்கு நாம் இன்னொரு நாளும் வேண்டும்?”

யோசித்துப் பார்த்தால் எங்களிடம் வருகிறவர்கள் ஒரே வகையினர் இல்லை. கல்யாணத்துக்கு ஷூ தேடி வருபவர் இருக்கிறார். அவருக்கு இந்த வாரம் ஷூ வேண்டும். மேல்தோலோடு இருக்கும் ஃபுல் கிரெயினா, அடியடுக்கைப் பிளந்தெடுத்து மேலே பூச்சு பூசிய ஸ்பிளிட்டா என்று தெரியவேண்டும். பிறகு கடைக்குப் போய்விடுவார். வாங்கப் போகும் மனிதரை வாசலில் நிறுத்தி முகவரி கேட்பது அவருக்கும் இடைஞ்சல், நமக்கும் நஷ்டம். அந்தப் பக்கங்களில் முகவரி கேட்பதை முழுக்க நிறுத்திவிட்டோம். இன்றுவரை அப்படித்தான்.

பூஞ்சைக் கட்டுரைக்கு வருகிறவர் கதை வேறு. அவருடைய ஷூ அலமாரிக்குள்ளேயே இருந்து வெள்ளை பூத்திருக்கிறது. தோலில் கொழுப்பும் எண்ணெயும் உண்டு. மழைக்கால ஈரமும் காற்றோட்டம் இல்லாத இருட்டும் சேர்ந்தால் பூஞ்சைக்கு விருந்துதான். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் இன்னும் மோசம். வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடைத்து, நீர் கலந்த வினிகரில் நனைத்துப் பிழிந்த துணியால் மறுபடி துடைத்து, நிழலில் உலர்த்தி, கடைசியில் கண்டிஷனர் பூசினால் ஷூ பிழைத்துவிடும். ஆனால் அடுத்த மழைக்குப் பூஞ்சை திரும்ப வரும். நிச்சயமாக வரும். அன்றைக்கு அந்த மனிதருக்கு நாம் வேண்டும். பூத்த பிறகு வேண்டியதைவிட, பூக்கும் முன் வேண்டும்.

பெரியப்பா இதைப் பல வருடங்களாகச் செய்துகொண்டிருக்கிறார். உறவில் யாராவது புது ஷூ வாங்கிக் காட்டினால் மடித்துப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், கொடுக்கும்போது ஒன்று சொல்வார்: “மழைக்கு முன்னால் ஒருமுறை எடுத்து வா.” யாருக்கும் அது தொல்லையாகப் பட்டதில்லை. ஐப்பசிக்கு முன் அவருடைய திண்ணையில் நான்கைந்து ஜோடி ஷூக்கள் வரிசையாக இருக்கும்.

எங்கள் கோரிக்கைக்கான வாசகம் அதிலிருந்துதான் வந்தது.

இப்போது இருக்கும் பெட்டி

பூஞ்சைக் கட்டுரையில், கண்டிஷனர் பூசும் கடைசிப் படியும் அதன் படமும் முடிந்த பிறகு, கட்டுரையின் ஓட்டத்திலேயே ஒரு சிறு கட்டம் இருக்கிறது. அது எழும்பாது, எதையும் மறைக்காது, பின்தொடர்ந்து வராது. கண்டுகொள்ளாமல் கடந்து போகலாம். அதில் இருப்பது இவ்வளவுதான்:

‘மழைக்கு முன்னால் ஒருமுறை நினைவூட்டட்டுமா? ஆண்டுக்கு மூன்று கடிதம் மட்டும். அவற்றில் சொல்லும் சில பொருள்களுக்கு எங்களுக்குக் கமிஷன் கிடைக்கும். எவை என்று அங்கேயே குறித்திருப்போம். வேண்டாம் என்று தோன்றினால் ஒரே சொடுக்கில் நிறுத்திவிடலாம்.’

அதன் கீழே முகவரிக்கு ஓர் இடம், இரண்டு பொத்தான்கள். ஒன்றில் ‘எங்கள் ஊரில் ஜூன் மழை’, மற்றொன்றில் ‘எங்கள் ஊரில் அக்டோபர் மழை’. இந்த இரண்டு பொத்தான்கள் தங்கையின் யோசனை. மும்பையிலும் கேரளத்திலும் தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கிவிடும். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. பாலாற்றங்கரையில் ஆகஸ்டு, செப்டம்பரிலேயே மாலை மழை எட்டிப் பார்க்கும் என்றாலும் அலமாரிக்குள் ஈரம் ஏறுவது ஐப்பசி, கார்த்திகையில்தான். ஜூன் என்று அழுத்தியவருக்கு மே கடைசியில் கடிதம் போகும். அக்டோபர் என்று அழுத்தியவருக்குச் செப்டம்பர் கடைசியில்.

பெயர் கேட்பதில்லை. கைப்பேசி எண், வயது, ஊர் எதையும் கேட்பதில்லை. மழை மாதம் ஒன்றைத்தான் கேட்கிறோம், அதுவும் ஏன் என்று பதில் சொல்பவருக்கே தெரியும். ஒரு தகவலைக் கேட்டால் அதனால் வாசகருக்கு என்ன கிடைக்கும் என்பது அந்தக் கணமே புலப்படவேண்டும். அதற்குத் தனியாக விளக்கம் எழுதவேண்டியிருந்தால், கேட்கவே வேண்டாம்.

அட்டவணைப் பக்கத்தில் வேறு ஏற்பாடு. அட்டவணை எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. தன் பாத அளவை எழுதிப் பார்த்தவர், விரும்பினால் அந்தக் குறிப்பைத் தனக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்ளலாம். அனுப்பியதும் அந்த முகவரியை அழித்துவிடுகிறோம். மழைக் கடிதமும் வேண்டுமென்றால் பக்கத்திலேயே தனிக் கட்டம் இருக்கிறது. டிக் அடிக்கவேண்டியவர் அவர். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் என்பதற்குச் சொல்லும் இலக்கணமும் இதுவே: நிர்ப்பந்தமின்றி, இன்ன காரியத்துக்கு என்று தெரிந்து, தெளிவான ஒரு செயலால் கொடுக்கப்படவேண்டும், கொடுத்தது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் முடியவேண்டும். அளவுக் குறிப்புக்காகக் கொடுத்த முகவரிக்கு விளம்பரம் அனுப்பினால் அது அடுத்தவர் வீட்டுச் சாவியை வைத்திருந்து நுழைவது போன்றது.

முகவரி கொடுத்தவருக்கு உடனே ஓர் உறுதிப்படுத்தும் கடிதம் போகும். அதிலுள்ள இணைப்பை அழுத்தினால்தான் பட்டியலில் சேர்வார். இது எங்கள் இருவருக்கும் நடுவே பெரிய வாக்குவாதமாகிவிட்டது. கைக்கு வந்தவரை இன்னொரு படி ஏறச் சொல்வதா என்று நான் மறுத்தேன். “அந்த ஒரு கடிதத்தைத் திறக்காதவர் மழைக் கடிதத்தையும் திறக்கமாட்டார், அண்ணா” என்றாள். அவள் சொன்னது சரி. தட்டுப்பிழையால் வேறொருவர் முகவரியைப் பதிவதும், எந்திர நிரல்கள் குப்பை முகவரிகளை நிரப்புவதும் அந்த ஒரு படியிலேயே நின்றுபோயின.

முதல் கடிதம் காணாமல் போனது

முதல் மே கடிதத்தை மூன்று நாள் எழுதினேன். பெரியப்பா சொல்லச் சொல்ல எழுதியது. அனுப்பிய மறுநாள் மாமா ஒருவர் பேசினார், அவரும் பதிந்திருந்தார். “வரவில்லையேப்பா” என்றார். ஸ்பேம் பெட்டியில் பார்க்கச் சொன்னேன். அங்கே இருந்தது.

பிழை எங்களுடையது. அனுப்புநர் முகவரியாக எங்கள் இலவச ஜிமெயில் முகவரியைப் போட்டு, வேறொரு அனுப்பும் சேவை வழியாக அனுப்பியிருந்தோம். உறையில் ஒரு பெயர், தபால் முத்திரையில் வேறொன்று என்றால் தபால்காரருக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்? கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல் இந்த விஷயத்தில் கறாராகிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு ஐயாயிரம் கடிதத்துக்கு மேல் அனுப்புபவர்கள் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று அடையாளச் சான்றுகளையும் வைத்திருக்கவேண்டும். ஒரே சொடுக்கில் விலகும் வசதி தரவேண்டும். எங்களைப் போன்ற சிறிய ஆட்களுக்கு எண்ணிக்கை அவ்வளவு வராது என்றாலும், சொந்தப் பெயரில் டொமைன் (இணைய முகவரி) வாங்கி மூன்று சான்றுகளையும் வைத்துக்கொள்வதே நல்லது. தங்கை ஒரு மாலைப்பொழுதில் செய்து முடித்தாள்.

அந்த விதிகளில் என்னை உலுக்கியது வேறொன்று. ஸ்பேம் என்று புகார் செய்பவர்களின் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டக்கூடாது. ஆயிரம் கடிதத்துக்கு மூன்று பேர்! ஊர்க் கல்யாணத்தில் ஆயிரம் பேருக்குப் பந்தி போட்டு, மூன்று பேர் முகம் சுளித்தால் நாம் பொருட்படுத்தமாட்டோம். இங்கே அந்த மூன்று பேரின் எரிச்சல், மீதி எல்லோருக்கும் கடிதம் போகும் வழியையே அடைத்துவிடும். பழைய பெட்டிகள் எத்தனை பேரை எரிச்சலூட்டியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் மனம் சுருங்குகிறது. அதனால் விலகும் இணைப்பைக் கடிதத்தின் அடியில் மங்கலான எழுத்தில் ஒளித்து வைப்பதில்லை. தலைப்புக்கு அடுத்த வரியிலேயே இருக்கிறது. ஸ்பேம் பொத்தானைவிட அது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும்.

கடிதத்தின் உள்ளே கடை இணைப்புகளை நேரடியாக வைப்பதில்லை. மின்னஞ்சலில் அஃபிலியேட் இணைப்பு வைக்க எல்லாத் திட்டங்களும் ஒரே மாதிரி அனுமதிப்பதில்லை. ஒவ்வொன்றின் ஒப்பந்தத்தையும் படித்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். எங்கள் தளத்தின் பக்கத்துக்கு இணைப்பு கொடுத்து, கமிஷன் உள்ள பொருள்களை அங்கே குறித்து வைக்கிறோம். விலையையும் கடிதத்தில் எழுதுவதில்லை. எழுதிய மறுநாளே மாறிவிடும்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கை நான் பார்ப்பதை விட்டுவிட்டேன். 2021 செப்டம்பரில் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதி, கடிதத்துக்குள் இருக்கும் படங்களை முன்கூட்டியே இறக்கிவைத்துவிடுவதால், படிக்காதவரும் திறந்தவராகக் கணக்கில் வருகிறார். பதில் எழுதுகிறார்களா என்றுதான் பார்க்கிறேன். எழுதுகிறார்கள். பழைய பட்டியல் எவ்வளவோ பெரிதாக இருந்தும் அதிலிருந்து ஒரு பதில்கூட வந்ததில்லை. இப்போது ஷூவைப் படம் எடுத்து அனுப்பி, ‘இது பூஞ்சையா, மெழுகு பூத்ததா?’ என்று கேட்கிறார்கள். ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டுங்கள், உருகி மறைந்தால் மெழுகு, அப்படியே நின்றால் பூஞ்சை என்று பதில் போகிறது.

ஒருவர் கடுமையாகவே எழுதியிருந்தார். பாலாற்றைக் கெடுத்த தொழிலுக்கு ஆள் பிடிக்கிறீர்களே என்று. அவருக்குப் பதில் எழுத இரண்டு நாள் ஆயிற்று. 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அன்றைய வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் உள்ளிட்ட மாவட்டங்களின் டேனரிகள் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. கெடுத்தவரே ஈடு செய்யவேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்பு அது. எங்கள் வீட்டுக் கிணற்று நீரைக் குடிக்க முடியாமல் போன கதையையும் சேர்த்து எழுதினேன். ஆற்றைக் கொடுத்து வாங்கிய தோல் இது. ஒரு ஜோடியை ஆறு வருடம் உழைக்கவைத்தால் அடுத்த ஜோடிக்கு அவசரம் இல்லை என்றும் எழுதினேன். அவர் பட்டியலிலிருந்து விலகவில்லை. அந்தப் பதிலைத் தளத்தில் தனிப் பக்கமாகவும் போட்டிருக்கிறோம். அதில் விற்பனை இணைப்பு எதுவும் கிடையாது.

வருமானம் என்று பார்த்தால், பட்டியல் சிறியதாக இருந்தும் மழைக்கு முன் போகும் கடிதத்தை ஒட்டிய நாள்களில்தான் பிரஷும் கண்டிஷனரும் அதிகம் விற்கின்றன. ஷூ விற்பனையில் கடிதத்தால் பெரிய மாற்றம் இல்லை. அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை.

இந்தச் செப்டம்பர் கடிதத்தின் வரைவை வழக்கம்போல் பெரியப்பாவிடம் கொடுத்தேன். இந்த முறை திரையில் எதுவும் குறுக்கே வரவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கைப்பேசியை எட்டப் பிடித்து, கடைசி வரை படித்தார்.

“தேங்காய் எண்ணெய் தடவக்கூடாது என்று எழுதவில்லையே. எல்லோரும் அதைத்தான் தடவுவார்கள். நாலு நாளில் சிக்கு நாற்றம் அடிக்கும், தோல் கறுத்துப்போகும். முதல் வரியிலேயே போடு” என்றார்.

முதல் வரியாகப் போட்டிருக்கிறேன்.